கிராண்ட் பஹாமா கூம்பே: ஒரு தீவின் பழைய ஃபங்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘கிராண்ட் பஹாமா கூம்பே’ என்ற பாட்டுத் தொகுப்பை நான் யாருக்குப் போட்டுக் காட்டினாலும் மூன்றாவது பாட்டுக்குள் கேள்விகள் வந்துவிடுகின்றன. திரும்பத் திரும்ப வருகிறவற்றை எடுத்து, நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன். வரிசைப்படி படிக்க வேண்டும் என்று இல்லை.

இது என்ன தொகுப்பு? யார் வெளியிட்டது?

முழுப் பெயர் ‘கல்ட் கார்கோ: கிராண்ட் பஹாமா கூம்பே’. சிகாகோவில் உள்ள நியூமரோ குரூப் என்ற லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம், 2007-ல் வெளியிட்டது. டாம் லன்ட், ராப் செவியர், கென் ஷிப்லி என்ற மூவர் 2003-ல் தொடங்கிய லேபிள் அது. காணாமல் போன சின்னச் சின்ன லேபிள்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவை வெளியிட்ட பாட்டுகளை, பாடியவர்களின் கதையோடு சேர்த்து மறுபடி கொண்டுவருவதுதான் அவர்கள் தொழில். ‘கல்ட் கார்கோ’ வரிசையில் முதலில் வந்தது 2005-ன் ‘பெலீஸ் சிட்டி பாயில் அப்’. இது இரண்டாவது.

பஹாமாஸ் நாட்டின் கிராண்ட் பஹாமா தீவில் ஃப்ரீபோர்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஃப்ராங்க் பென் என்ற பாடகர் ஜிபிஐ என்று ஒரு லேபிள் நடத்தினார். அந்த லேபிளின் பாட்டுகள்தாம் இவை. பெரும்பாலும் 1970-களைச் சேர்ந்தவை.

பஹாமாஸ் கரீபியன் நாடுதானா?

வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்விதான். பஹாமாஸ் தீவுகள் கரீபியன் கடலில் இல்லை, அதற்கு வடக்கே அட்லாண்டிக்கில் இருக்கின்றன. ஆனால் சரித்திரம், மக்கள், சாப்பாடு, இசை எல்லாமே கரீபியனோடு சேர்ந்தவை. கரிகாம் என்ற கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பிலும் 1983 முதல் உறுப்பு நாடு. 700 தீவுகள் என்று சொல்வார்கள், ஆள் வாழ்வது சிலவற்றில்தான். 1970 வாக்கில் மொத்த மக்கள்தொகையே சுமார் 1,70,000. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஃபங்க் என்றால் சரியாக என்ன?

1960-களின் நடுவில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனும் அவருடைய வாத்தியக்காரர்களும், கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையைத் திருப்பிப் போட்டார்கள். அதுவரை மெட்டு முன்னால் போகும், தாளம் பின்னால் வரும். இவர்கள் தாளத்தை முன்னால் இழுத்து வந்து நிறுத்தினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் தட்டில் எல்லோரும் சேர்ந்து கனமாக விழுவார்கள். அதன் பிறகு ஆளுக்கொரு இடைவெளியில் சின்னச் சின்னதாக எதையாவது வைத்துக்கொண்டே போவார்கள். கிட்டார் சுரம் பாடாமல் ‘சிக்கு சிக்கு’ என்று உரசும். டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ராகம் இழுக்காமல் வெட்டி வெட்டி ஊதும். பேஸ் கிட்டார்தான் பாட்டின் முதுகெலும்பு.

சுருக்கமாக, ஃபங்கில் எல்லா வாத்தியமும் ஒருவகையில் பறைதான். அடுத்த பதிலுக்குப் போக இது போதும்.

அப்படியானால் கூம்பே?

இங்கேதான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கூம்பே என்பது ஆட்டுத்தோல் போர்த்திய ஒரு பறையின் பெயர். அந்தப் பறையை வைத்து வாசிக்கும் இசைக்கும் அதே பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. அந்தக் காலத்தில் ரம், உப்புக்கண்டம் எல்லாம் வந்து இறங்கிய மரப்பீப்பாய்களைத்தான் பறையாக மாற்றினார்கள். வாசிப்பதற்கு முன் தோலை நெருப்பில் காட்டிக் காய்ச்சிச் சுருதி ஏற்றுவார்கள்.

கேட் தீவு போன்ற இடங்களில் இந்தப் பறையோடு இன்னும் இரண்டு சேரும். ஒன்று அக்கார்டியன். இன்னொன்று தச்சருடைய ரம்பம்! ரம்பத்தை வளைத்துப் பிடித்து அதன் பற்களின் மேல் ஸ்க்ரூடிரைவரால் உரசுவார்கள். ஓயாமல் ‘சிகிச் சிகிச்’ என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். ரேக் அண்ட் ஸ்க்ரேப் என்று இதற்குப் பெயர்.

அப்புறம் ஜங்கனூ. டிசம்பர் 26-ம் தேதியும் புத்தாண்டு நாளிலும் நள்ளிரவுக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கும் ஊர்வலம். தலைநகர் நசாவில் பே ஸ்ட்ரீட் முழுக்க ஆட்டம். பறை, மாட்டுமணி, விசில், சங்கு, கூடவே பித்தளை வாத்தியங்கள். 2023-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

இப்போது மேலே ஃபங்க் பற்றிச் சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். ஓயாமல் உரசும் கிட்டார் செய்யும் வேலையை இங்கே ரம்பம் ஏற்கனவே செய்துகொண்டிருந்தது. கனமாக விழும் முதல் தட்டு பறையில் இருந்தது. வெட்டி வெட்டி ஊதுவது ஜங்கனூ ஊர்வலத்தில் இருந்தது. அமெரிக்க வானொலியில் ஜேம்ஸ் பிரவுன் ஒலித்தபோது பஹாமாஸ் வாத்தியக்காரர்களுக்கு அது அந்நிய மொழியாகப் பட்டிருக்காது. உறவுக்காரர் பக்கத்து ஊரிலிருந்து பேசுவதுபோல்தான் இருந்திருக்கும். ‘அமெரிக்க ஃபங்கின் நகல்’ என்று இந்தத் தொகுப்பைச் சிலர் ஒதுக்குவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

தலைநகர் நசாவ் இருக்கும்போது இந்த இசை ஏன் ஃப்ரீபோர்ட்டிலிருந்து வந்தது?

ஃப்ரீபோர்ட் பழைய ஊர் இல்லை. 1955 ஆகஸ்டில் வாலஸ் குரோவ்ஸ் என்ற அமெரிக்கத் தொழிலதிபருக்கும் பிரிட்டிஷ் காலனி அரசுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. ஹாக்ஸ்பில் கிரீக் ஒப்பந்தம் என்று பெயர். பைன் காடும் சதுப்பும் கிடந்த 50,000 ஏக்கர் நிலம் அவருக்குப் போனது, வரிச்சலுகையும் கிடைத்தது. பதிலுக்கு அவர் துறைமுகமும் ஊரும் கட்ட வேண்டும்.

முதலில் தொழிற்சாலை நகரமாகத்தான் யோசித்தார்கள். ஆனால் 1959-ல் கியூபாவில் புரட்சி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கர்களுக்கு ஹவானாவின் கதவு மூடிவிட்டது. சூதாட்டமும் கடற்கரையும் ரம்மும் தேடி அங்கே போய்க்கொண்டிருந்த கூட்டம் வேறு இடம் பார்த்தது. கிராண்ட் பஹாமாவின் மேற்கு முனை ஃபுளோரிடாவிலிருந்து 90 கிலோமீட்டர் சொச்சம்தான். 1964-ல் தீவில் காசினோ திறந்தது. 1968-ல் பஹாமாஸ் வந்த பயணிகள் எண்ணிக்கை ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தொட்டது.

ஹோட்டல் என்றால் இரவில் பாட்டு வேண்டும். பாட்டு என்றால் பேண்டு வேண்டும். இப்படி வேலை தேடி வாத்தியக்காரர்கள் ஃப்ரீபோர்ட்டில் கூடினார்கள். மாதச் சம்பளத்தோடு வாரம் முழுக்க மேடை ஏறுகிற பேண்டு எப்படித் தேறும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொகுப்பில் கேட்கும் அந்த இறுக்கமான வாசிப்பு இப்படித் தினசரி வேலையில் பழுத்தது.

இன்னொரு காரணம் வானொலி. தீவில் இருந்தபடியே ஃபுளோரிடா நிலையங்களைப் பிடித்துக் கேட்கலாம்.

ஃப்ராங்க் பென் அப்படி என்ன செய்தார்?

பாட்டு பாடுகிற ஒருவர் தன் ஊரிலேயே லேபிள் தொடங்கினார். கேட்க எளிது. ஆனால் நாடே இவ்வளவு சிறியதாக இருக்கும்போது இசைத்தட்டு போடுவது நஷ்டத்துக்குத் தயாராக இருப்பவர் செய்யும் காரியம். அவருடைய ‘கிம்மி சம் ஸ்கின்’ பாட்டும் தொகுப்பில் இருக்கிறது, நல்ல பாட்டு. ஆனாலும் அவர் பாடியதைவிடப் பிறரைப் பாட வைத்ததுதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் இந்த வாசிப்பெல்லாம் ஹோட்டல் கூடத்தில் பயணிகளின் கைத்தட்டலோடு அன்றன்றைக்கு முடிந்துபோயிருக்கும்.

அமெரிக்காவில் ஹிட்டான பாட்டை எடுத்துத் திரும்பப் பாடியிருக்கிறார்களே?

‘மஸ்டாங் சாலி’யைக் கேட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் இதைச் சொல்வார்கள். உண்மைதான். அது மாக் ரைஸ் 1965-ல் எழுதிப் பாடி, அடுத்த ஆண்டு வில்சன் பிக்கெட் உலகமறிய வைத்த பாட்டு. இதில் ஜே மிட்செல் பாடுகிறார்.

ஹோட்டல் மேடையில் பயணிகள் கேட்ட பாட்டைப் பாடியாக வேண்டும். அது பிழைப்பு. ஆனால் ஒரே பாட்டை நூறு இரவு பாடினால் ஏதோ ஒரு கட்டத்தில் அது உங்கள் பாட்டாகிவிடும். தாளம் கொஞ்சம் நகரும், மூச்சு விடும் இடம் மாறும், உங்கள் ஊர் நடை உள்ளே வந்துவிடும். ஜே மிட்செலின் பாட்டில் பிக்கெட்டைத் தேடாதீர்கள். டிரம்ஸை மட்டும் ஒரு முறை தனியாகக் கவனித்துக் கேளுங்கள்.

முதலில் எந்தப் பாட்டைக் கேட்பது?

ஜே மிட்செலின் ‘கூம்பே பம்ப்’. தலைப்பிலேயே இரண்டு உலகம் இருக்கிறது. பம்ப் என்பது 1970-களில் அமெரிக்க டிஸ்கோக்களில் இடுப்போடு இடுப்பு மோதி ஆடிய ஆட்டம். அதோடு கூம்பேயை ஒட்டவைத்திருக்கிறார். ஃப்ரீபோர்ட் மேடைகளில் நெடுங்காலம் பாடியவர் அவர், தொகுப்பிலும் அதிகம் ஒலிக்கும் குரல்களில் ஒன்று. அந்தக் குரலில் ஒரு கரகரப்பு உண்டு, ஆனால் அவசரம் கிடையாது.

அடுத்து சில்வியா ஹாலின் ‘டோன்ட் டச் தட் திங்’. தலைப்பைப் பார்த்ததும் என்ன நினைத்தீர்களோ அதை நினைக்க வைக்கத்தான் அந்தத் தலைப்பு. இரட்டை அர்த்தப் பாட்டு, காலிப்ஸோ என்ற கரீபியன் பாட்டு வகையிலும் கூம்பேயிலும் பழைய வழக்கம். மேடையில் ஆண்கள் அதிகம் கோலோச்சிய காலத்தில் ஒரு பெண் குரல் இவ்வளவு உறுதியாக அதட்டுவதைக் கேட்க எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது.

அப்புறம் ‘வர்ட்ஸ் டு மை சாங்’. பாடியவர் பெயர் டிரை பிரெட். ஆம், காய்ந்த ரொட்டி. சிரில் ஃபெர்குசனின் பட்டப்பெயர் அது. அவர் இன்னொரு கேள்விக்கும் பதில்.

‘கன்னா பில்ட் எ நேஷன்’ ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

சிரில் ஃபெர்குசன் தன் சொந்தப் பெயரில் பாடிய பாட்டு. தலைப்பின் பொருள், ‘ஒரு தேசம் கட்டப் போகிறோம்’. இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பாட்டைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் வைத்துக்கொள்வது இதைத்தான்.

கொஞ்சம் பின்னணி. பஹாமாஸில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். ஆனால் ஆட்சியும் வியாபாரமும் நசாவின் பே ஸ்ட்ரீட் வெள்ளை வணிகர்கள் சிலர் கையில் இருந்தன. நல்ல ஹோட்டலிலும் தியேட்டரிலும் கறுப்பினத்தவர் நுழைய முடியாத நிலை. பொது இடங்களில் இந்தப் பாகுபாடு கூடாது என்று சட்டசபையில் தீர்மானம் வந்ததே 1956-ல்தான். 1967 ஜனவரி 10 தேர்தலில் கறுப்பினத் தலைவர் லின்டன் பின்ட்லிங்கின் கட்சியும் ஆளும் கட்சியும் ஆளுக்கு 18 இடம் பிடித்துச் சமமாக நின்றன. தொழிலாளர் தலைவர் ராண்டல் ஃபாக்ஸ் பின்ட்லிங் பக்கம் சேர்ந்தார். சுயேச்சையாக வென்ற ஆல்வின் பிரெய்னன் சபாநாயகரானார். இப்படி நூலிழையில் பெரும்பான்மை மக்களின் ஆட்சி வந்தது. அந்த நாள் இன்று அங்கே பொது விடுமுறை.

ஃப்ரீபோர்ட்டில் மட்டும் நிலைமை உடனே மாறவில்லை. அங்கே நிலம் குரோவ்ஸின் நிறுவனத்துடையது, நல்ல வேலைகள் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு. 1969-ல் பின்ட்லிங் அங்கேயே போய், ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைத் திறப்பு விழாவில், வளைந்து கொடுக்காத இந்த அமைப்பு வளைய வேண்டும், இல்லாவிட்டால் உடைக்கப்படும் என்று பேசினார். அந்தப் பேச்சு இன்றும் அங்கே நினைவில் இருக்கிறது.

1973 ஜூலை 10 நள்ளிரவில் நசாவின் கிளிஃபர்ட் பார்க்கில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. நீலப்பச்சை, பொன்மஞ்சள், கறுப்பு நிறங்களில் புதுக் கொடி ஏறியது. எல்லோரும் கொண்டாடினார்கள் என்று சொல்ல முடியாது. பக்கத்து அபாக்கோ தீவில் ஒரு பிரிவினர் பிரிட்டனோடேயே இருந்துவிடுகிறோம் என்று மனுப் போட்டார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு ‘தேசம் கட்டப் போகிறோம்’ என்ற வரியைக் கேளுங்கள். அறிவிப்பு போலவோ கீதம் போலவோ அது ஒலிக்கவில்லை. நாளைக்குக் காலையில் வேலைக்குப் போகிறவர் சொல்வதுபோல் இருக்கிறது. சுதந்திரப் பாட்டு என்றால் ராணுவ நடையில்தான் இருக்க வேண்டுமா என்ன? ஆடிக்கொண்டே பாடுகிற சுதந்திரப் பாட்டு எனக்கு அதிகம் பிடிக்கிறது.

‘ஃபங்கி நசாவ்’ இதில் இருக்கிறதா?

இல்லை. அது தி பிகினிங் ஆஃப் தி எண்ட் என்ற பேண்டின் பாட்டு, மயாமியின் ஆல்ஸ்டன் லேபிள் வழியாக 1971-ல் வெளிவந்தது. அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் பொதுப் பட்டியலில் 15-வது இடம் வரை ஏறியது. பஹாமாஸ் ஃபங்க் என்று யாராவது ஒரு பாட்டைக் கேட்டிருந்தால் பெரும்பாலும் அது இதுவாகத்தான் இருக்கும்.

மன்னிங்ஸ் சகோதரர்கள் மூவரும் அந்த பேண்டில் இருந்தார்கள். அவர்களுடைய அப்பா ஃப்ரெடி மன்னிங்ஸ், நசாவில் ‘கேட் அண்ட் தி ஃபிடில்’ என்ற இரவு விடுதியை நடத்திய இசைக்குழுத் தலைவர். அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் போன்றவர்கள் வந்து பாடிய இடம் அது. ‘ஃபங்கி நசாவ்’ ஜங்கனூ தாளத்தையும் ஃபங்கையும் ஒரே கயிற்றில் கட்டிக் காட்டியது. அதைத் தனியாகக் கேட்டுவிட்டு இந்தத் தொகுப்புக்கு வருவது நல்ல வழி. ஒரு பெரிய ஹிட்டுக்குப் பின்னால் எவ்வளவு பேர் நின்றார்கள் என்பது அப்போது புரியும்.

இது ரெக்கே மாதிரி இருக்குமா?

இருக்காது. ரெக்கே ஜமைக்காவினுடையது, அதில் முதல் தட்டை வேண்டுமென்றே காலியாக விடுவார்கள். இங்கே முதல் தட்டில்தான் எல்லோரும் விழுகிறார்கள்.

இவ்வளவு நல்ல இசை ஏன் 30 ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் போனது?

முன்னே சொன்ன எண்ணை இப்போது எடுங்கள். 1,70,000 பேர், அதுவும் பல தீவுகளில் சிதறி. உள்ளூர்ச் சந்தையை மட்டும் நம்பும், நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சிறிய இசைத்தட்டை எத்தனை பிரதிதான் போட முடியும்? வெளியே போக மயாமியிலோ நியூயார்க்கிலோ ஆள் வேண்டும். ‘ஃபங்கி நசாவ்’ போல எல்லாருக்கும் அது வாய்க்கவில்லை. தீவின் உப்புக்காற்றும் ஈரமும் ஒலிநாடாவுக்கும் அட்டை உறைகளுக்கும் எதிரி. 1970-களின் கடைசியில் கேட்பவர்களின் காதும் டிஸ்கோ பக்கம் திரும்பிவிட்டது.

‘தெரியாமல் போனது’ என்பதைக்கூட நான் யோசித்துத்தான் சொல்வேன். வெளியே இருந்த நமக்குத்தான் தெரியவில்லை. ஃப்ரீபோர்ட்டில் அன்று ஆடியவர்களுக்கு இவை மறந்துபோன பாட்டுகள் இல்லை.

ஒரு அமெரிக்க லேபிள் இதை எடுத்து விற்பது சுரண்டல் ஆகாதா?

கேட்டே ஆக வேண்டிய கேள்வி. அரிய ஃபங்க் என்று சொல்லி, பாடியவர் யார் என்றுகூட அச்சிடாமல், யாரிடமும் அனுமதி வாங்காமல் வந்த தொகுப்புகள் ஏராளம். அவற்றை நான் வாங்குவதில்லை. நான் பார்ப்பது, உரிமையாளரைத் தேடிப் போய் ஒப்பந்தம் போட்டார்களா, வாத்தியக்காரர்கள் மனிதர்களாக அந்தப் பக்கங்களில் வருகிறார்களா என்பதைத்தான். நியூமரோ அப்படித் தேடிப் போகிற லேபிள். அதன் கையேட்டில் பெயர், படம், ஊர், கதை எல்லாம் இருக்கும். அதனாலேயே சொல்கிறேன், பாட்டை மட்டும் இணையத்தில் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள், கையேட்டோடு வாங்குங்கள்.

இது பிடித்திருந்தால் அடுத்து என்ன கேட்கலாம்?

பஹாமாஸிலேயே இருக்க விரும்பினால் நசாவின் டி-கனெக்‌ஷன். 1977-ல் ‘டூ வாட் யூ வானா டூ’ பாட்டால் அமெரிக்க டிஸ்கோக்களை ஆட்டியவர்கள். முற்றிலும் வேறு திசையில் போக வேண்டுமென்றால் எக்ஸுமா என்ற பெயரில் பாடிய டோனி மக்கே. கேட் தீவில் பிறந்தவர், 1970-ல் வந்த முதல் ஆல்பத்தில் மணியும் பறையும் மாந்திரீகமும் கலந்து கிடக்கும். இன்னும் பின்னால் போனால் ஆண்ட்ரோஸ் தீவின் ஜோசஃப் ஸ்பென்ஸ். 1958-ல் இசை ஆய்வாளர் சாமுவேல் சார்ட்டர்ஸ் அந்தத் தீவுக்கே போய்ப் பதிவு செய்தார். ஒற்றை கிட்டாரில் ஒரு பேண்டே வாசிப்பதுபோல் இருக்கும், நடுநடுவே ஸ்பென்ஸ் முனகுவதும் உறுமுவதும் பதிவாகியிருக்கும். கல் கொத்தும் வேலை பார்த்தவர் அவர்.

டோரியன் புயலில் கிராண்ட் பஹாமாவுக்கு என்ன ஆனது?

2019 செப்டம்பர் தொடக்கத்தில் டோரியன் புயல் அபாக்கோவைத் தகர்த்துவிட்டு கிராண்ட் பஹாமாவின் மேல் வந்து, நகராமல் ஒரு நாளுக்கு மேல் நின்றது. கடல் தீவுக்குள் ஏறியது, ஃப்ரீபோர்ட் விமான நிலையம் சிதைந்தது, வீட்டில் இருந்த படமும் பாட்டும் பலருக்குத் தண்ணீரோடு போயின. அந்த வாரம் நான் இந்தத் தொகுப்பைப் போட்டுவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டேன், கேட்க முடியவில்லை.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் போதுமா?

போதாது. பேஸ் கிட்டார் அப்படியே காணாமல் போய்விடும், அது போனால் பாதிப் பாட்டு போய்விடும். சுமாரான ஹெட்ஃபோன்கூடப் போதும். முதல் முறை குரலை விட்டுவிட்டுப் பேஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது முறை கிட்டார் உரசலைப் பிடித்துக்கொண்டு, அது ரம்பம் என்று நினைத்துக் கேளுங்கள்.